பகல் வரவு, ராத்திரி செலவு

தில்லியில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. மே மாதம் இங்கே வந்த உறவுக்காரர்கள் "வேலூரே தேவலை" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள். அந்த வெயிலை வேலை வாங்கும் முயற்சிக்கு இந்த ஊரில் எழுபது வருஷ சரித்திரம் இருக்கிறது.

1950களின் தொடக்கத்தில் இங்குள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒரு சூரிய அடுப்பைச் செய்தது. குழிந்த அலுமினியத் தட்டு வெயிலைக் குவிக்கும், நடுவில் பாத்திரம். 1954-ல் யுனெஸ்கோ காற்று, சூரிய சக்தி பற்றிய கருத்தரங்கையும் தில்லியில்தான் நடத்தியது. ஆனால் அடுப்பு விற்கவில்லை. விலை ஒரு காரணம். வெயிலில் நின்று சமைக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் அடுப்பும் அணைந்துவிடும் என்பது இன்னொன்று. ராத்திரி சப்பாத்திக்கு என்ன செய்வது?

1973-ன் எண்ணெய் நெருக்கடி திரும்பவும் சூரியனைப் பார்க்க வைத்தது. பக்கத்து சாஹிபாபாதில் 1974-ல் தொடங்கிய மத்திய அரசின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் சூரிய மின்கலம் தயாரித்தது. ஆனாலும் விலைதான் இடித்தது. 2010-ல் தேசிய சூரிய மின் திட்டம் வந்தபோது ஏலத்தில் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல். 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய்! 2025 ஜனவரியில் நாட்டின் சூரிய மின் திறன் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டியது.

சரி, விலைப் பிரச்சினை தீர்ந்தது. ராத்திரி சப்பாத்தி?

2019-ல் ரோகிணியில் டாடா பவர், ஏஇஎஸ், மிட்சுபிஷி சேர்ந்து 10 மெகாவாட் பேட்டரி நிலையம் அமைத்தன. ஒரு மணி நேரம் தாங்கும். 2025-ல் கிலோக்ரியில் 20 மெகாவாட், இரண்டு மணி நேரம். நல்ல ஆரம்பம்தான். ஆனால் 2024 ஜூனில் தில்லியின் உச்சத் தேவை 8,656 மெகாவாட். கணக்குப் போட்டால் இரண்டும் சேர்ந்தே உண்டியல் காசுதான் :-)

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், சூரியன் பகலில் மட்டும் சம்பளம் தரும் முதலாளி. நம் வீட்டுச் செலவோ ஏசி, டிவி, பிள்ளைகள் படிப்பு என்று ராத்திரியில். இடையில் ஒரு கணக்கு வேண்டும், அதுதான் பேட்டரி. வட்டி தராது, நம்மிடமே பிடிக்கும்: 100 யூனிட் போட்டால் சுமார் 85, 90தான் திரும்பும்.

2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் போட நம்மில் பலர் யோசிக்கிறோம். தாராளமாகப் போடுங்கள். நெட் மீட்டரில் பகல் மின்சாரம் வரவாகி பில் குறையும். ஆனால் ராத்திரி அந்த வீட்டுக்கு வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில், ஊரில் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் பேனல் நின்றுவிடும். கிராமத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

எத்தனை கிலோவாட் என்பதோடு, விளக்கு வைத்த பிறகு எத்தனை மணி நேரம் என்றும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.