மூடுபனி அல்ல, அளவீடு: கரும்பொருள் கருவிகளில் சூரிய நியூட்ரினோ

கரும்பொருளைத் தேடுவதற்கென நிறுவிய திரவ செனான் கருவிகளில் சூரிய நியூட்ரினோக்கள் தென்படத் தொடங்கிவிட்டன. துறையினர் பலர் இதைத் தேடலுக்கு வந்த இடையூறாகக் கருதி 'நியூட்ரினோ மூடுபனி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் வரலாற்றையே தலைகீழாக்குகிறது. நியூட்ரினோ முழு அணுக்கருவோடும் ஒருசேர மோதும்போது எழும் நுண்ணிய பின்னுதைப்பை அளக்க 1984இல் ட்ரூகியரும் ஸ்டோடால்ஸ்கியும் ஒரு கருவியை முன்மொழிந்தார்கள். அத்தகைய கருவியால் கரும்பொருளையும் தேடலாம் என மறு ஆண்டே குட்மனும் விட்டனும் காட்டினார்கள். நியூட்ரினோ அளவீட்டுக் கருத்திலிருந்து கிளைத்ததுதான் கரும்பொருள் தேடல்.

சூரியனுக்குள் போரான்-8 சிதைவில் பிறக்கும் 15 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரினோகூட செனான் அணுக்கருவுக்குத் தரும் உதை 4 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டாது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள செனான்என்டி கருவியில் 5.9 டன் திரவ செனானை 494 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் கண்காணிக்கின்றன. இத்தகைய உதை நிகழும்போது அவற்றில் இரண்டோ மூன்றோதான் ஒளியைப் பதிவுசெய்யும். பிறகு சில எலக்ட்ரான்கள் மேலேறி இரண்டாம் ஒளியைத் தரும். குழாய்களின் இரைச்சலும் முந்தைய மோதல்களில் தேங்கிய எலக்ட்ரான்களும் தற்செயலாக ஜோடி சேர்ந்தால் அச்சு அசலாக இதே தோற்றம்தான். 2024இல் வெளியான முடிவில் 37 நிகழ்வுகள் பதிவாயின. பின்னணியாக எதிர்பார்த்தது 26.4, அதில் பெரும்பகுதி இந்தத் தற்செயல் ஜோடிகளே. மீதம் சுமார் 11. புள்ளியியல் உறுதி 2.73 சிக்மா; சீனாவின் ஜின்பிங் சுரங்கத்தில் இயங்கும் பாண்டாஎக்ஸ்-4டி கண்டது 2.64.

கண்டுபிடிப்பென ஏற்க வழக்கமாகக் கேட்கப்படும் ஐந்து சிக்மாவுக்கு இவை வெகுதூரம் என்பது நியாயமான ஆட்சேபம். கனடாவின் சட்பரி ஆய்வகம் 1000 டன் கனநீரைக் கொண்டு இதே போரான்-8 நியூட்ரினோக்களின் பாயத்தை, அதாவது அவை வந்துசேரும் வீதத்தை, முன்பே மிகத் துல்லியமாக அளந்துவிட்டது என்பதும் மெய். பாயத்தின் மதிப்பை மட்டும் கேட்டால் செனான் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி அதுவன்று. 6 கிகா எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள கரும்பொருள் துகள் செனானில் எப்படித் தெரியுமோ, ஏறக்குறைய அப்படியேதான் போரான்-8 நியூட்ரினோவும் தெரியும். பல ஆண்டுகளாக 'எதுவும் இல்லை' என்றே அறிவித்துவந்த கருவிகளுக்கு, நிச்சயமாக இருக்கும் ஒன்றைக் காணும் திறன் உண்டு என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறில்லை.

சட்பரியின் எண்ணால் கருவியைச் சோதித்துவிட்டு, அதே கருவியால் பாயத்தை அளந்ததாகச் சொல்வது வட்டவாதம் ஆகாதா? கருவியின் எதிர்வினைக்கு வேறு ஆதாரம் இல்லையென்றால் ஆகும். செனான்என்டியோ இட்ரியம்-பெரிலியம் நியூட்ரான் மூலத்தைக் கொண்டு குறைந்த ஆற்றல் பின்னுதைப்பைத் தனியே அளவுதிருத்தம் செய்திருக்கிறது. ஆகவே ஒப்பீடு மெய்யான ஒப்பீடே; அதில் முரண் தெரிந்தால் அதையும் பொருட்படுத்த வேண்டும். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் எதிர்பார்த்த சூரிய நியூட்ரினோக்களில் மூன்றில் ஒரு பங்கையே ரே டேவிஸ் கண்டபோது, கருவியில்தான் கோளாறு என்று பலர் ஐயுற்றார்கள். பிழை நியூட்ரினோவைப் பற்றிய நம் புரிதலில் இருந்தது. அதே சுரங்கத்தில் இன்று எல்இசட் என்னும் செனான் கருவி இயங்குகிறது. அத்தகைய முரண் மறைந்துபோகாமலிருக்க, கரும்பொருள் பகுப்பாய்வுகள் போரான்-8 பாயத்தைச் சட்பரியின் மதிப்போடு கட்டிப்போடாமல், அதைத் தளையின்றி விட்டுப் பெற்ற முடிவையும் ஒவ்வொரு முறையும் உடன் வெளியிட வேண்டும்.