பருத்தித் துணி: தென்காசி, குற்றாலம் வட்டாரம்

தென்காசி, குற்றாலம் பகுதி நெல்லும் தென்னையும் செழிக்கும் மலையடிவாரம். பஞ்சு கிழக்கேயிருந்துதான் வந்தது. சங்கரன்கோவிலைத் தாண்டிக் கோவில்பட்டி வரை விரியும் கரிசலில் கருங்கண்ணி, உப்பம் என்னும் நாட்டு ரகங்கள் மானாவாரியாக விளைந்தன. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பஞ்சு ‘தின்னவேலி’ என்ற வணிகப் பெயரோடு தூத்துக்குடியில் கப்பலேறியது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை நடத்தத் தொடங்கினர்.

இந்த வட்டாரத்தில் நெசவுக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று கடையநல்லூர். அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தறியே பிழைப்பாக இருந்தது. தறி வருமானம் போதாமல் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் ஏராளம்.

சாரலும் ஈரமும் மிகுந்த இந்த மலையடிவாரத்துக்குப் பருத்தி பொருந்துவதற்குக் காரணம் அதன் இழையில் இருக்கிறது. இழை பெரும்பாலும் செல்லுலோஸ். நுண்ணோக்கியில் முறுக்கிய நாடாவாகத் தெரியும், நடுவே மெல்லிய குழல் ஓடும். சாதாரணக் காற்றிலேயே எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை அது வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வைத்திருக்காது. நனைந்தால் ரேயான் வலுவிழக்கும். பருத்தியோ கூடுதல் வலுப்பெறும். துவைகல்லில் அடித்தாலும் முறுக்கிப் பிழிந்தாலும் அது தாங்குவது இதனால்தான். காரமும் அதைக் கெடுக்காது என்பதால் எண்ணெய்ப் பிசுக்கேறிய துணியை உவர்மண்ணிட்டு வெள்ளாவியில் அவிக்க முடிந்தது. அமிலம் மட்டும் ஆகாது.

நெசவாளிக்கும் ஈரம் வேண்டும். உலர்ந்த காற்றில் நூல் படபடவென்று அறும். குழித்தறியின் மண்குளிர்ச்சி அதைக் காக்கும். ஆனால் கஞ்சி போட்ட பாவு நூலைத் தெருவில் நீட்டி உலர்த்தும் வேளையில் மழை வந்தால் அன்றைய வேலை போயிற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குற்றால அருவிச் சீசனில் பருத்தியின் குறையும் வெளிப்படும். எவ்வளவு நீரை உறிஞ்சுகிறதோ அவ்வளவு மெதுவாக உலரும். மூட்டையாகக் கட்டிவைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய்க் குளியலுக்கு வருவோர் தடித்த பூத்துவாலையைச் சுமந்து வருவது வீண்வேலை. மெல்லிய ஈரிழைத் துண்டே போதும்: பிழிந்தால் நீர் ஓடிவிடும், கொடியில் போட்டால் சாரலுக்கு இடையிலும் உலர்ந்துவிடும், அடுத்த குளியலுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். வெயிலில் தலைப்பாகை, வயலில் சும்மாடு, கடைசியில் அடுப்பங்கரைக் கரித்துணி என்று அதன் வாழ்வு நீளும்.

இன்று சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிகள் சேலையும் துண்டும் நெய்கின்றன. சீக்கிரம் காய்வதால் பாலியெஸ்டர் கலந்த சட்டையும் சாரமும் சாரல் மாதங்களில் வீடுகளில் இடம்பிடித்துவிட்டன. அவை வியர்வையைச் சரிவர உறிஞ்சுவதில்லை என்பது பங்குனி வெயிலில்தான் உடம்புக்குத் தெரியவரும்.