வில்லையின் வளைவும் விமானத்தின் வளைவும்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தையும் அடுத்தடுத்துக் காண்பவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே புலப்படும். தந்தை எழுப்பியது நேர்கோடாக ஏறிச் சிகரத்தில் முடிகிறது. மகன் இராசேந்திரன் எழுப்பியதோ, ஏறக்குறைய 55 மீட்டர் உயரத்தில், நடுவே மெல்ல உள்வாங்கிக் குழைந்து மேலேறுகிறது. ஒரே தலைமுறை இடைவெளியில் சோழர் கட்டடக்கலையில் நிகழ்ந்த மாற்றத்தைப் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த உள்வளைவில் வந்து நிற்பார்கள்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை. ஒரு படத்தில் அவ்வளைவு மிக அழுத்தமாக இருக்கிறது. இன்னொன்றில் அது இருந்த தடமே இல்லை, தஞ்சை விமானத்தின் தம்பி போல நிற்கிறது. கல் மாறவில்லை. மாறியது லென்ஸ். குறிப்பாக, டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் கேமராக்களோடு நம் கைக்கு வந்து சேர்ந்த ஜூம் லென்ஸ். வரலாற்றை ஆவணப்படுத்தப் புறப்படும் ஆர்வலர், எந்த லென்ஸ் வாங்குவது என்ற கேள்வியைக் கடைக்காரரிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கங்கைகொண்ட சோழபுரத்தின் வரலாற்றில் இரண்டு ஆண்டுகள் அருகருகே நிற்கின்றன. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது 1836-இல். அதற்காக இக்கோயிலின் மதிற்சுவரும் கோபுரமும் உடைத்தெடுக்கப்பட்டன. பாரிஸில் தாகேர் தம் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்தது 1839-இல். இடைவெளி மூன்றே ஆண்டுகள். அந்த மூன்றாண்டு முந்திப் போனதால், இடிக்கப்படுவதற்கு முன் அக்கோயில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு படம்கூட இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கேமரா சோழநாட்டுக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1857 இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களை மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அவர் செய்தவற்றுள் தலையாயது தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானக் கல்வெட்டைத் தொடர்ச்சியாக எடுத்த நீள்படம். 21 நெகட்டிவ்கள்; ஒட்டிச் சேர்த்தால் ஏறக்குறைய 19 அடி நீளம். இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்று கல்வெட்டுகளின் வழி ஹுல்ஷ் நிறுவியது 1886-இல். அதாவது, தாம் படமெடுக்கும் எழுத்துகளின் வரலாற்றுப் பொருள் இன்னதென்று தெளிவாகாத காலத்திலேயே ட்ரைப் அவற்றை எழுத்தெழுத்தாகப் பதிந்து வைத்தார். ஆவணப் படத்தின் இலக்கணம் இதுதான். எடுக்கிறவருக்கு முக்கியமாகப் படுவது படத்தின் நடுவில் இருக்கும். வரப்போகிறவருக்குத் தேவைப்படுவது ஓரத்தில் கிடக்கலாம். ஆகவே ஓரத்தையும் கூர்மையாகத் தராத லென்ஸ், நாளைய வாசகனுக்குப் பாதிச் சாட்சிதான் சொல்லும்.

அக்காலத்து லென்ஸ்களின் குறை ஓரத்தில்தான் இருந்தது. வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் 1840-இல் வடிவமைத்த உருவப்பட லென்ஸ் மிகுந்த ஒளியை உள்ளே விட்டது. நடுவில் முகம் தெளிந்தது, விளிம்பு கலங்கியது. நிலக்காட்சிக்கான ஒற்றை லென்ஸ் விளிம்புவரை ஓரளவு தெளிவு தந்தாலும், கட்டடத்தின் நேர்கோடுகளைப் பீப்பாயின் பக்கங்கள்போல வெளிநோக்கி வளைத்தது. 1866-இல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே ஒரே தீர்வை எட்டினார்கள். ஒளித்துளைக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக ஒத்த இரு லென்ஸ் தொகுதிகளை வைத்தால், முன்னது உள்ளே வளைப்பதைப் பின்னது வெளியே இழுத்துச் சரிசெய்துவிடும். தூண் தூணாக நின்றது, சுவர் சுவராக நின்றது. கட்டடங்களைப் படமெடுப்போர் அதன்பின் நெடுங்காலம் இந்தச் சமச்சீரையே நம்பியிருந்தார்கள்.

அந்தச் சமச்சீரைக் குலைத்துத்தான் ஜூம் லென்ஸ் பிறந்தது. குவிய தூரத்தை மாற்ற வேண்டுமானால் உள்ளே சில லென்ஸ் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்ந்தாக வேண்டும். நகர்கிற பொருள் எல்லா நிலையிலும் சமச்சீராக இருக்க இயலாது. அகலக் கோணத்தில் கோடுகள் வெளியே புடைக்கும். தொலைநோக்கு முனையில் அவையே உள்ளே ஒடுங்கும். அமெரிக்கரான கிளைல் ஆலன் இவ்வகை லென்ஸுக்கு 1902-இலேயே காப்புரிமை பெற்றார். 1932-இல் குக் வாரோ என்ற 40 முதல் 120 மி.மீ. வரையிலான லென்ஸ் திரைப்படக் கேமராக்களுக்கு வந்தது. நிழற்படக் கேமராவுக்கு முதல் ஜூம், ஃபிராங்க் பேக் வடிவமைத்து 1959-இல் வெளியான ஃபோக்ட்லெண்டர் ஜூமார், 36 முதல் 82 மி.மீ. திரைப்படத்துக்கு முந்தியும் நிழற்படத்துக்குப் பிந்தியும் வந்ததற்குக் காரணம் எளியது. நொடிக்கு 24 படங்கள் ஓடும்போது கண் மன்னித்துவிடும் குறையை, அசையாத ஒரு படத்தில் அது மன்னிப்பதில்லை. 1963-இல் நிக்கான் கொண்டுவந்த 43-86 மி.மீ. லென்ஸ் அடக்கமும் மலிவும் கொண்டது, ஏராளமாக விற்றது. கோடுகளை வளைப்பதற்கும் அதுவே பெயர்போனது.

பின்னர் வடிவமைப்புக் கணக்குகளைக் கணினி ஏற்றது. கண்ணாடிப் பரப்பில் பல அடுக்குப் பூச்சுகள் வந்தன. கோளவடிவற்ற பரப்புகள் மலிவாயின. 2003-இல் கேனன் 300டி, 18-55 மி.மீ. ஜூமோடும், 2004-இல் நிக்கான் டி70, 18-70 மி.மீ. ஜூமோடும் வெளியாயின. பொன்னியின் செல்வன் படித்துவிட்டுச் சோழநாட்டுக்குப் புறப்பட்ட ஒரு தலைமுறை இவற்றைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு போயிற்று. இன்று கண்ணாடியில்லாக் கேமராக்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. வளைவைக் கேமராவின் மென்பொருளே திருத்திக் கொடுத்துவிடுகிறது. அதனாலேயே எஸ்.எல்.ஆர் ஜூம்கள் பழைய பொருள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. சிறிய வரலாற்றுக் குழுக்களுக்கு இது நல்வாய்ப்பு. ஆனால் பழைய லென்ஸை வாங்குபவர் சோதித்தே வாங்க வேண்டும். ஒரே வகையைச் சேர்ந்த இரு லென்ஸ்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கீழே விழுந்த லென்ஸில் உள்தொகுதி ஒன்று மையம் விலகியிருந்தால் வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது.

சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் இருப்பவருக்கு வேண்டியதெல்லாம் ஊரிலேயே இருக்கின்றன. ஒரு செங்கற்சுவர், ஒரு முக்காலி, சர்க்கரை ஆலையின் புகைபோக்கி ஆகிய மூன்றும் போதும்.

முதலில் செங்கற்சுவர். கேமராவை முக்காலியில் நிறுத்தி, சுவருக்கு நேர் இணையாகத் திருப்பி, கையால் தொடாமல் நேரந்தாழ்த்தும் விசையால் படமெடுக்க வேண்டும். ஜூமின் இரு முனைகளிலும் நடுவிலும், லென்ஸ் முழுதும் திறந்த நிலை, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11 என்று எடுத்தால் பன்னிரண்டு படங்கள். கணினித் திரையில் நடுப்பகுதியைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. நான்கு மூலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நான்கும் சற்றே மங்கலாக இருந்தால் அது வடிவமைப்பின் இயல்பு. துளையைச் சுருக்கினால் தெளியும். மூன்று மூலை தெளிந்து ஒன்று மட்டும் கலங்கியிருந்தால், சுவருக்கு நேராக நின்றோமா என்று மறுபடி பார்த்து, நின்றது சரியென்றால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எஃப் 11-க்கு மேல் துளையைச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விலகலால் படம் முழுவதுமே மென்மையாகத் தொடங்கும்.

அடுத்தது புகைபோக்கி. அதைப் படத்தின் இடது விளிம்பை ஒட்டி நிறுத்தி ஒரு படம், வலது விளிம்பை ஒட்டி ஒரு படம்; ஜூமின் இரு முனைகளிலும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் புகைபோக்கி உள்நோக்கிச் சாயும். சாய்வது லென்ஸின் குற்றமன்று, நாம் நின்ற நிலையின் விளைவு. வளைவதுதான் லென்ஸின் குற்றம். திரையில் ஓர் அடிக்கோலை வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். வெயிலேறிய வானத்தின் முன் நிற்கும் அதன் விளிம்பில் ஊதாவோ பச்சையோ கோடு கட்டியிருந்தால், நாளை கலசத்தின் விளிம்பிலும் அந்தக் கோடு வரும். நண்பகலில் இச்சோதனையைச் செய்யக்கூடாது. தரையிலிருந்து எழும் அனல் எந்த லென்ஸையும் மங்கலாக்கும்.

இந்த விடைகளோடு கங்கைகொண்ட சோழபுரம் போகலாம். எறையூரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தொலைவுதான். டிஜிட்டல் எஸ்.எல்.ஆரின் சிறிய உணர்பரப்பில் 18 மி.மீ. என்பது பழைய படச்சுருள் கணக்கில் ஏறக்குறைய 27 மி.மீ. கேமராவை நிமிர்த்திச் செங்குத்தாக, சாய்க்காமல் பிடித்து 55 மீட்டர் விமானத்தை முழுதும் அடக்க, 18 மி.மீ.-இல் ஏறக்குறைய 80 மீட்டர் பின்வாங்க வேண்டும். 55 மி.மீ. ஆனால் 245 மீட்டருக்கும் மேல். பக்கவாட்டில் பிராகாரத்துள் அவ்வளவு இடமில்லை. ஆகவே பெரும்பாலோர் அருகில் நின்று, அகலக் கோண முனையில், அண்ணாந்து எடுக்கிறார்கள். அங்கேதான் பீப்பாய் வளைவு வேலை செய்கிறது. வெளியே புடைக்கும் லென்ஸ், உள்ளே வாங்கிய விமானத்தின் விளிம்பை நிமிர்த்திவிடுகிறது. தொலைவிலிருந்து நீள முனையில் எடுப்பவரின் லென்ஸ் உள்ளே ஒடுக்கும் தன்மை கொண்டிருந்தால், சிற்பி தந்ததைவிட அதிகமான குழைவு வந்துவிடுகிறது. இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டு பாணியைப் பற்றி எழுதும் ஆய்வாளர், இராசேந்திரனின் சிற்பிகளை அளக்கிறாரா, லென்ஸ் வடிவமைத்தவரை அளக்கிறாரா? ஜூமின் இடைப்பட்ட ஏதோ ஒரு குவிய தூரத்தில் புடைப்பும் ஒடுக்கமும் சந்தித்து வளைவு ஏறத்தாழ அற்றுப்போகும். புகைபோக்கிச் சோதனை அந்த எண்ணைத்தான் கண்டுபிடித்துத் தருகிறது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு கட்டட விளிம்புகளை அந்த நிலையிலேயே எடுப்பது நன்று.

இவையெல்லாம் அளவுக்கு மிஞ்சிய நுணுக்கம் என்று தோன்றலாம். அதே அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் கதை அப்படியன்று என்று சொல்லும். பூசை நின்று பூட்டிக் கிடந்த அக்கோயிலின் செப்புத் திருமேனிகள் களவு போயின. அவற்றுள் நடராசர், சுபாஷ் கபூர் என்ற வணிகர் வழியாக 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தை அடைந்தார். விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். அது ஸ்ரீபுரந்தான் நடராசர்தான் என்று நிறுவ உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படங்கள். 1955-இல் தொடங்கிய அந்நிறுவனம், தமிழகக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருந்தது. படமெடுத்தவர்கள் திருட்டை எதிர்பார்த்து எடுக்கவில்லை. கலை வரலாற்றுக்காக எடுத்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லியில் அந்நடராசரைத் திரும்ப ஒப்படைத்தார். அதே மாவட்டத்துச் சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

செப்புத் திருமேனி மெழுகு வார்ப்பில் பிறப்பது. வார்த்தபின் அச்சு உடைக்கப்படுகிறது. அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. திருவாசியின் சுடர்களில் ஒன்று உடைந்திருப்பது, பீடத்தில் ஒரு கீறல், வார்ப்பில் விழுந்த ஒரு குழி, இவைதாம் அதன் கைரேகை. இவை பெரும்பாலும் படத்தின் நடுவில் விழுவதில்லை. திருவாசி எப்போதும் விளிம்பில்தான் இருக்கும். விளிம்பு கலங்கிய லென்ஸில் எடுத்திருந்தால் கைரேகையும் கலங்கியிருக்கும்.

ஆகவே திருமேனிகளுக்கு ஜூமின் அகல முனையைத் தவிர்ப்பது நல்லது. ஒரு மீட்டரில் நின்று 18 மி.மீ.-இல் எடுத்தால் தூக்கிய திருவடி பெருத்து, திருமுகம் சிறுத்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் விலகி 60, 70 மி.மீ. அளவில், முக்காலியில், எஃப் 8-இல் எடுத்தால் அளவும் விகிதமும் நிலைக்கும். அருகில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படமும் சேர்த்து எடுக்க வேண்டும். கருவறை இருளில் முக்காலிக்கு இடமில்லையென்றால் எஃப் 2.8 ஜூம், எஃப் 5.6 ஜூமைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் அதன் விலையும் எடையும் அதற்கேற்பவே இருக்கும். வெளிச்சுவர்க் கல்வெட்டுகளையே பெரிதும் எடுப்பவருக்கு அச்செலவு தேவையில்லை. நல்ல முக்காலியே போதும். எங்கும் முன்கூட்டியே அனுமதி பெறுவது கட்டாயம்.

1836-இல் உடைந்த கோபுரத்துக்கு ஒரு படமும் இல்லை. ஸ்ரீபுரந்தான் நடராசருக்கு இருந்தது. அவர் திரும்பி வந்தார். நம் ஊர்ப்புறங்களில் பூட்டிக் கிடக்கும் சிறு கோயில்களுள் இன்னும் ஒரு முறைகூட ஒழுங்காகப் படமெடுக்கப்படாதவை நிறைய உண்டு. அங்கே போகிறவர் கையில் விலையுயர்ந்த லென்ஸ் இருக்க வேண்டும் என்பதில்லை. தம் லென்ஸ் எந்த நிலையில் உண்மை பேசும், எந்த நிலையில் பொய் சொல்லும் என்று தெரிந்திருந்தால் போதும்.