ஒரே வயர், வேறு வேறு கரை: வீலேன் வந்த கதை

ஒரு வாசிகசாலை, ஒரு ரியூஷன் வகுப்பு, ஒரு சின்ன அலுவலகம், மூன்றும் ஒரே கட்டிடத்தில் இயங்குவது எங்கட பக்கம் புதுசில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரு இணைய இணைப்புத்தான் எடுக்க முடியும். மாசாமாசம் அந்த ஒரு பில்லைக் கட்டவே பெரும்பாடு. ஆனால் அலுவலகக் கோப்புகள் ரியூஷன் பிள்ளையின் லப்டொப்பில் தெரியக் கூடாது. இதற்கு உலகம் முழுக்கப் பாவிக்கப்படும் வழிதான் வீலேன்: சுவிட்ச் ஒன்றுதான், வயரும் ஒன்றுதான், ஆனால் உள்ளே தனித்தனி வலைகள்.

அதை அமைக்கச் சொல்லித்தரக் காணொளிகள் நிறையக் கிடக்கு. நாங்கள் இங்கே பார்க்க விரும்புவது அதன் வரலாற்றை. பிரிக்கிறதையும் பகிர்கிறதையும் ஒரே வயரில் செய்யலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? வாவியால் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்த எங்களுக்கு அதில் படிக்க என்ன இருக்கு?

எல்லாருக்கும் கேட்ட கம்பி

கதை தீவுகளில் தொடங்குகிறது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் கூட்டாளிகளும் தீவுகளுக்கு இடையே கணினிகளை வானொலி அலையால் இணைத்தார்கள். அதன் பெயர் அலோஹாநெட். எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசுவார்கள். இரண்டு பேர் ஒன்றாகப் பேசி மோதினால், கொஞ்சம் பொறுத்து மறுகா பேச வேண்டும். அந்த யோசனையைப் படித்த ரொபர்ட் மெற்காஃப், 1973இல் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் டேவிட் பொக்ஸுடன் சேர்ந்து அதை ஒரு கம்பிக்குள் கொண்டுவந்தார். அதுதான் ஈதர்நெட்.

தொடக்க கால ஈதர்நெட் ஒரு தடித்த கேபிள். ஒருவர் அனுப்புவது அந்தக் கேபிளில் உள்ள எல்லாருக்கும் போகும். தனக்கில்லாததைக் கணினி தானாகவே ஒதுக்கிவிட வேண்டும். ஒரு கூடத்தில் எல்லாரும் சத்தமாகக் கதைக்கிற மாதிரி. பத்துப் பேர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஐநூறு பேர் வந்தால் ஒருவர் சொல்வதும் விளங்காது. ஒட்டுக் கேட்கிறவனைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

நிறம் பூசிய பொதிகள்

1980களில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் இருந்த டேவிட் சின்கொஸ்கி, ஈதர்நெட்டைப் பெரிய வலையாக எப்படி வளர்க்கலாம் என்று யோசித்தார். அந்த நேரத்தில் சிறு வலைகளை இணைக்கப் பாலங்கள் வந்துவிட்டன. தொழில்நுட்பத்திலும் அவற்றின் பெயர் பாலம்தான். பாலங்கள் கூடினால் பொதி வட்டமாகச் சுற்றும். அதைத் தடுக்க 1985இல் ரேடியா பேர்ள்மன் என்ற பெண் பொறியியலாளர் ஒரு வழி கண்டார்: வட்டம் வராதபடி சில பாதைகளை மூடி, வலை முழுவதையும் ஒரு மரமாக ஆக்குவது. அது வேலை செய்தது. ஆனால் எல்லாப் போக்குவரத்தும் அந்த ஒரு மரத்திலேயே நெரிந்தது.

சின்கொஸ்கியும் சேஸ் கொட்டனும் 1988இல் முன்வைத்த யோசனை, ஒன்றுக்குப் பதிலாகப் பல மரங்கள். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு அடையாளச் சீட்டு. சீட்டை ஒரு நிறம் என்று நினைத்துக்கொள்ளலாம்: சிவப்புப் பொதி சிவப்பு மரத்தில் மட்டும் போகும், பச்சை பச்சையில் மட்டும். இன்றைய வீலேனின் வேர் இதுதான்.

1990இல் கல்பனா என்ற நிறுவனம் ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் அதன் நிறுவுநர்களில் ஒருவர். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது. ஒவ்வொரு கம்பனியும் தன் சொந்தச் சீட்டைப் பாவித்ததால் ஒருவரின் சுவிட்ச் மற்றவரின் சுவிட்சோடு பேசவில்லை. 1998இல் வந்த 802.1கியூ என்ற பொதுத் தரம் அதைத் தீர்த்தது. பொதியின் தலைப்பில் 4 பைட் சேரும். அதில் 12 பிட் வீலேன் எண்ணுக்கு. முதலும் கடைசியும் போக 4,094 வலைகளுக்கு இடம் இருக்கு.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாதாரணமாகக் கணினிக்குத் தன் சீட்டு தெரியாது. சுவிட்ச் அதை உள்ளே வரும்போது ஒட்டுகிறது, வெளியே போகும்போது கழற்றுகிறது. நீங்கள் எந்த வலையில் இருக்கிறீர்கள் என்பதை, பொதுவாக, நீங்கள் செருகிய துளை தீர்மானிக்கிறது.

ஒரே வாசல்

பிரித்தாயிற்று. இணையம் எப்படி எல்லாருக்கும் போகும்? அதன் விடை வேறொரு தட்டுப்பாட்டில் பிறந்தது. இணைய முகவரிகள் மொத்தம் 429 கோடிதான். தீர்ந்துவிடும் என்ற பயத்தில், ஒரு வெளி முகவரியைப் பல கணினிகள் பகிரும் முறை 1994இல் எழுதப்பட்டது. 1996இல் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உட்பாவனைக்கு உறுதியாக ஒதுக்கப்பட்டன. இன்று அநேகமாக எல்லா வீட்டு ரவுட்டரும் செய்கிற வேலை இது.

இரண்டும் சந்திக்கும் இடம் ரவுட்டர். அலுவலகம் 10, வகுப்பு 20, வருகிறவர்களின் வைஃபை 30 என்று வைப்போம். சுவிட்சிலிருந்து ரவுட்டருக்கு ஒரே வயர் போகும். மூன்று வலையின் பொதிகளும் சீட்டோடு அதில் பயணிக்கும். குருமண்வெளித் துறையில் எந்த ஊர்ச் சனமும் ஒரே பாதையில் ஏறி மண்டூருக்குப் போகிற மாதிரி. ரவுட்டர் மூன்றுக்கும் தனித்தனி உள்முகவரி கொடுத்து, வெளியே ஒரே முகவரியில் அனுப்பும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீலேன் பிரித்துவிட்டது, காரியம் முடிந்தது என்று நினைப்பார்கள். மூன்று வலையிலும் கால் வைத்திருக்கிற ரவுட்டர், தடுக்கச் சொல்லாவிட்டால், 30இலிருந்து 10க்கும் வழி காட்டும். "வெளியே போகலாம், பக்கத்து வலைக்குப் போகக் கூடாது" என்ற விதியைத் தனியாக எழுத வேண்டும். பிரிக்கிறது ஒரு முடிவு, பகிர்கிறது இன்னொரு முடிவு.

அதே வருடங்களில் இங்கே

இலங்கையில் மின்னஞ்சல் 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சி அது. பின்னர் லேர்ண் என்ற பல்கலைக்கழக வலையாக அது வளர்ந்தது. அதே 1990இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் பிரித்தெடுத்துக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. பிரித்தல் என்ற சொல் எங்களுக்கு வெறும் தொழில்நுட்பச் சொல்லாக இல்லாமல் போனது இதனால்தான்.

அதற்குப் பிந்திய வருடங்களில் வாவியே ஒரு கோடானது. எழுவான்கரை ஒரு கட்டுப்பாட்டில், படுவான்கரை இன்னொன்றில். தண்ணீரில் யாரும் மதில் கட்டவில்லை. வவுணதீவில் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் விடுவார்கள். மண் ஒன்றுதான், சனமும் ஒன்றுதான். அட்டைதான் வழியைத் தீர்மானித்தது. 2007 வரை இது நடந்தது.

வாசல் பற்றியும் எங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்றே அரசு பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றை முடக்கியது. உறவுகளைத் தேடுகிறவர்களுக்கும் வதந்தி பரப்புகிறவர்களுக்கும் ஒரே பூட்டு.

கோட்டை யார் கீறுறது

ஆகவே வீலேன் கெட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அலுவலகக் கணினியில் உதவி கேட்டு வந்த குடும்பங்களின் விபரம் இருக்கலாம். அதை வெளியாள் பார்க்காமல் காக்கிற பிரிப்பு தேவையான பிரிப்பு. ஆளை அடைக்கிற கோடும் ஆளைக் காக்கிற கோடும் ஒரே கருவியால்தான் கீறப்படுகின்றன. வித்தியாசம் யார் கீறுகிறார்கள், யாரைக் கேட்டுக் கீறுகிறார்கள் என்பதில்.

வாவியில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கு. மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை எப்ப வெட்டுறது என்று ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் வரும். வயல்காரருக்குத் தண்ணீர் வடிய வேணும், மீன்பிடிக்கிறவருக்கு வாவி வற்றக் கூடாது. வாசல் பொது என்பதால்தான் அந்தச் சண்டை. வெளிப்படையாகச் சண்டை பிடிக்க முடிகிறதே நல்ல விஷயம். சுவிட்சுக்குள் இருக்கிற கோட்டைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது.

எங்களைப் போல ஒரு இணைப்பைப் பகிர்கிற குழுக்களுக்கு எங்கள் யோசனை இவ்வளவுதான். எந்தத் துளை எந்த வலை, யார் யாரைப் பார்க்கலாம், எது தடுக்கப்பட்டிருக்கு என்று ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சுவிட்சினதும் ரவுட்டரினதும் கடவுச்சொல் ஒரு ஆளிடம் மட்டும் இருக்க விடாதீர்கள். இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வருடத்தில் ஒருக்கா எல்லாரும் கூடி, அந்தக் கோடுகள் இன்னும் தேவையா என்று கேளுங்கள். தேவையில்லாததை அழிக்க ஒரு மண்வெட்டியும் வேண்டாம். ரவுட்டரில் ஒரு வரி, சுவிட்சில் ஒரு எண், அவ்வளவுதான்.