முதல் வசனமும் முதல் எழுத்தும்
யூதர் தம் சிறு பிள்ளைகளுக்கு வேதம் புகட்டிய வரலாறு

நம் சபையின் ஞாயிறு பள்ளி நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், நூற்றாண்டு மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். பள்ளியைத் தோற்றுவித்த பெரியோர்களைப் பற்றியும் அவர்கள் பட்ட பாடுகளைப் பற்றியும் இந்த மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய ஏற்பாட்டையும் எபிரெய மொழியையும் கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆகவே யூத மக்கள் தங்கள் இளஞ்சிறாருக்கு வேதம் புகட்டிய முறையைப் பற்றி எழுதுவதே என் கடன் என்று கொண்டேன். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தது. அரசும் போயிற்று, ஆசாரியத்துவமும் போயிற்று. அதற்குப் பின்னும் வேதம் அவர்களிடம் அழியாமல் நின்றதற்குச் சிறு பிள்ளைகளின் பள்ளியே முதற்காரணம் என்பது என் துணிபு.

தகப்பன் கடன், தாய் மடி

உபாகமம் 6ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய வார்த்தைகளைச் சொல்ல வேண்டும் என்ற கட்டளை அது. 11ஆம் அதிகாரத்திலும் இதே கட்டளை மறுபடி வருகிறது. யூத அறிஞர்கள் இதை நல்லுபதேசம் என்று வாசித்து விட்டுவிடவில்லை, சட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். எந்த வயதில், எந்த வசனத்திலிருந்து, யார் தொடங்க வேண்டும் என்று கேட்டு விடை கண்டார்கள். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் தகப்பன் இரண்டு வசனங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறது, யூத அறிஞர்களின் மரபுரைத் தொகுப்பான தல்மூதின் சுக்கா பகுதி. ஒன்று, உபாகமம் 33:4: மோசே நமக்குக் கட்டளையிட்ட நியாயப்பிரமாணம் யாக்கோபின் சபைக்குச் சுதந்தரம் என்பது. மற்றொன்று, ‘ஷேமா’ எனப்படும் உபாகமம் 6:4: கர்த்தர் ஒருவரே என்று இஸ்ரவேலை நோக்கி அறிவிக்கும் வசனம். மழலை மாறாத வாய் முதலில் பழக வேண்டியவை இவ்விரண்டும். பரம்பரைச் சொத்து இன்னதென்று ஒரு வசனம் சொல்கிறது. அதைத் தந்தவர் யாரென்று மற்றது சொல்கிறது. வேறு எந்த இரண்டு வசனங்களைத் தேர்ந்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

தாயின் பங்கும் சிறியதன்று. யோசுவா பென் அனனியா என்ற பேரறிஞரை அவருடைய தாய் தொட்டிலோடு ஜெபாலயத்துக்கு எடுத்துச் செல்வாளாம்; வேத வார்த்தைகள் அவர் காதில் ஒட்டிக்கொள்ளட்டும் என்பது அவள் எண்ணம். எருசலேம் தல்மூத் இதைப் பதிவு செய்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் என் நினைவுக்கு வருவார்கள். தீமோத்தேயு சிறு வயது முதல் பரிசுத்த வேத எழுத்துக்களை அறிந்தவன் என்று பவுல் எழுதுகிறார் அல்லவா? அது இந்த மரபின் சாட்சியே.

பஸ்கா இரவைப் பாருங்கள். பிள்ளை கேட்கும், தகப்பன் பதில் சொல்ல வேண்டும் என்று யாத்திராகமம் 12, 13ஆம் அதிகாரங்கள் கூறுகின்றன. ஆகவே அந்த இரவின் சடங்கு முழுவதும் பிள்ளையின் கேள்வியை மையமாக வைத்தே அமைந்துள்ளது. வீட்டிலேயே இளையது எதுவோ அது எழுந்து, மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபட்டது என்று கேட்கும். நேரமாகிவிட்டதால் பிள்ளை தூங்கிவிட்டால்? ரபி அகிபா பஸ்காவுக்கு முந்தின பொழுதில் சிறுவர்களுக்கு வறுத்த தானியமும் பருப்புக் கொட்டைகளும் கொடுப்பாராம், அவர்கள் விழித்திருந்து கேட்பதற்காக. பெசாகிம் என்ற தல்மூத் பகுதி இதைச் சொல்கிறது. வேத ஞானத்தில் ஒப்பாரில்லாத ஒரு மகான், பிள்ளைகளின் கையில் வறுத்த தானியத்தை அள்ளி வைத்துவிட்டு அவர்களுடைய கேள்விக்காகக் காத்திருந்தார் என்பதை நம் ஆசிரியர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

கம்லாவின் குமாரன்

வீட்டையே நம்பியிருந்த இந்த ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. தகப்பன் உள்ள பிள்ளை கற்றது. தகப்பனை இழந்த பிள்ளை கற்கவில்லை. தல்மூதின் பாபா பத்ரா பகுதி (21அ) இதை ஒளிக்காமல் சொல்கிறது. முதலில் எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அப்போதும், அழைத்துச் செல்லத் தகப்பன் இருந்தவனே அங்கே போனான். பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர்களை வைத்துப் பதினாறு, பதினேழு வயதினரைச் சேர்த்தார்கள். அந்த வயதில் ஆசிரியர் கோபித்துக்கொண்டால் மாணவன் முறைத்துக்கொண்டு போய்விடுவான். கடைசியில் பிரதான ஆசாரியர் யோசுவா பென் கம்லா வந்தார். ஊர்தோறும் ஆசிரியர்களை நியமித்து, ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று அவர் விதித்தார். கி.பி. முதல் நூற்றாண்டின் அறுபதுகளில், ஆலயம் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

இந்த மனிதரைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அவருடைய மனைவி மார்த்தா பெரும் செல்வந்தர். அவர் அரசனுக்குப் பொற்காசுகளை அளந்து கொடுத்துத் தம் கணவருக்குப் பிரதான ஆசாரியப் பதவியை வாங்கினார் என்ற செய்தியும் தல்மூதிலேயே உள்ளது. ரோமருக்கு எதிரான கிளர்ச்சியின்போது யோசுவா எருசலேமில் கொல்லப்பட்டதை யோசேப்பஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பதவி வந்த வழி மெச்சத்தக்கதன்று. ஆயினும், அவர் மட்டும் இல்லாதிருந்தால் இஸ்ரவேலில் வேதம் மறக்கப்பட்டிருக்கும், அவருடைய பெயர் நன்மைக்கென்று நினைக்கப்படட்டும் என்று அறிஞர்கள் வாழ்த்தினார்கள். தகப்பனில்லாப் பிள்ளைக்கு ஊரையே தகப்பனாக்கினார் அல்லவா? அந்த ஒரு செயலுக்காக மற்றதையெல்லாம் அவர்கள் மன்னித்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

அதே பகுதியில் வகுப்பின் அளவும் வரையறுக்கப்பட்டுள்ளது. நான்காம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த ராவா என்ற அறிஞரின் கணக்கு அது. 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர். 40 இருந்தால் ஆசிரியருக்கு ஓர் உதவியாளர், அவருக்கான செலவில் ஊரார் துணைநிற்க வேண்டும். ராவாவுக்கு ஒரு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த ரவ் என்ற பேராசிரியர், சாமுவேல் பர் ஷிலத் என்ற பள்ளி ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரையும் அங்கேயே இருக்கிறது: ஆறு வயதுக்கு முன் பிள்ளையைச் சேர்க்காதே, சேர்த்தபின் காளைக்குத் தீனி போடுவதுபோல் நிறையக் கொடு, அடிக்க நேர்ந்தால் செருப்பின் வாரைத் தவிர வேறெதனாலும் அடிக்காதே, படிக்கிறவன் படிக்கட்டும், படிப்பு ஏறாதவன் தன் தோழனோடு உட்கார்ந்திருக்கட்டும். அடியை நாம் இன்று ஏற்கமாட்டோம், ஏற்கவும் கூடாது. ஆனால் படிப்பு வராத பிள்ளையை வெளியே அனுப்பாமல், தோழனுக்கு அருகே உட்கார இடம் கொடுத்த அந்த மனத்தைப் போற்றாமல் இருக்க முடியவில்லை.

இந்த சாமுவேல் பர் ஷிலத்தை ஒருநாள் ரவ் தோட்டத்தில் கண்டார். பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே நிற்கிறாயே என்று கேட்டார். பதின்மூன்று ஆண்டுகளாக இந்தத் தோட்டத்தை நான் பார்க்கவில்லை, இப்போதும் என் நினைவு பிள்ளைகளிடமே இருக்கிறது என்றார் ஆசிரியர். அநேகரை நீதிக்குட்படுத்துகிறவர்கள் நட்சத்திரங்களைப்போல் பிரகாசிப்பார்கள் என்ற தானியேல் 12:3இன் வாக்கைத் தல்மூத் சிறு பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கே உரியதாக்குகிறது.

ஆனால் எனக்கு மிகப் பிரியமானது தானித் பகுதியில் (24அ) வரும் நிகழ்ச்சி. ஓர் ஊரில் மழை இல்லை. அங்கு வந்த ரவ், உபவாசம் கூறினார், மழை பெய்யவில்லை. பிறகு ஜெபம் நடத்த ஒருவர் முன்வந்தார். காற்றை வீசச் செய்கிறவர் என்று அவர் சொன்னதும் காற்று வீசியது; மழையைப் பெய்யச் செய்கிறவர் என்றதும் மழை கொட்டியது. நீர் என்ன தொழில் செய்கிறீர் என்று ரவ் வியந்து கேட்டார். அவர் சொன்ன பதில் இது: நான் சிறு பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கிறவன். பணக்காரர் பிள்ளைக்குப் போலவே ஏழை பிள்ளைக்கும் கற்பிக்கிறேன். கொடுக்க இயலாதவரிடம் ஒன்றும் வாங்குவதில்லை. என்னிடம் ஒரு மீன் குளம் இருக்கிறது. படிக்க மனமில்லாத பிள்ளை எவனாவது இருந்தால் அந்தக் குளத்து மீனைக் கொடுத்து அவனைச் சரிக்கட்டி, அவன் வந்து படிக்கும்வரை அன்பாகத் தேற்றிக்கொள்கிறேன்.

பேராசிரியரின் உபவாசத்துக்குத் திறக்காத வானம் இந்த மனிதரின் ஜெபத்துக்குத் திறந்தது. அவருடைய பெயரைக்கூடத் தல்மூத் சொல்லவில்லை. நூறு ஆண்டுகளாக நம் ஞாயிறு பள்ளியில் ஊதியமின்றி உழைத்தவர்களுள் எத்தனை பேர் இத்தகையவர்கள்!

தேன் தடவிய பலகை

எழுத்தறிவித்தலும் அவர்களுக்கு வழிபாடே. ஆலெப் முதலான எபிரெய எழுத்துகளுக்குச் சிறுவர்களே பொருள் சொன்ன ஓர் அழகிய பகுதி தல்மூதில் உண்டு (சப்பாத் 104அ). மூன்றாம் எழுத்தான கிமெலின் கால் நான்காம் எழுத்தான தாலேத்தை நோக்கி நீண்டிருப்பது ஏன்? கொடுக்கிறவன் ஏழையைத் தேடி ஓட வேண்டும் என்பதற்காக. தாலேத் அவனுக்கு முகம் காட்டாமல் திரும்பி நிற்பது ஏன்? வாங்குகிறவன் வெட்கப்படாதபடி மறைவாகக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. எழுத்துக்கூட்டத் தொடங்கும் முன்பே அறம் கண்ணில் பட்டுவிடுகிறது.

எழுத்து தெரிந்தபின் முதல் புத்தகம் எது? ஆதியாகமம் அல்ல, லேவியராகமம்! நாம் தயங்கித் தயங்கித் திறக்கும் புத்தகம் அது. குழந்தைகள் தூயவர்கள், பலிகளும் தூய்மையானவை. தூயவர் வந்து தூயவற்றில் ஈடுபடட்டும் என்று லேவியராகமத்தின் ‘மித்ராஷ்’ எனப்படும் பழைய விளக்கவுரை காரணம் கூறுகிறது.

இடைக்கால ஜெர்மனியில் இந்தத் தொடக்கம் பெரும் விழாவாகவே நடந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைன் நதிக்கரையில் வாழ்ந்த வோர்ம்ஸ் எலெயாசர் இதை விரிவாக எழுதிவைத்தார். வாரங்களின் பண்டிகையன்று, அதாவது சீனாயில் நியாயப்பிரமாணம் அருளப்பட்டதை நினைவுகூரும் நாளில், பிள்ளையைத் துணியால் போர்த்தி ஆசிரியரிடம் தூக்கிச் செல்வார்கள். ஆசிரியர் அவனை மடியில் இருத்திக்கொள்வார். பலகையில் எழுத்துகள் முன்னிருந்து பின்னாகவும், பின்னிருந்து முன்னாகவும் எழுதப்பட்டிருக்கும். உபாகமம் 33:4உம் லேவியராகமத்தின் முதல் வசனமும் கூடவே இருக்கும். ஆசிரியர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லப் பிள்ளை திருப்பிச் சொல்வான். பிறகு பலகையில் தேனைத் தடவுவார்கள். பிள்ளை அந்த எழுத்துகளை நாவால் நக்குவான். ஏசாயா 50ஆம் அதிகார வசனங்களை எழுதிய தேன் அப்பமும், வசனம் எழுதிய அவித்த முட்டையும் தின்னக் கொடுப்பார்கள். சுருளைப் புசித்தபோது அது வாய்க்குத் தேனைப்போல் தித்தித்தது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்னதைப் பிள்ளையின் நாவிலேயே நிறைவேற்றினார்கள். முடிவில் ஆற்றங்கரைக்கும் கூட்டிச் செல்வார்கள். லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள பதினான்காம் நூற்றாண்டு ஜெபப் புத்தகம் ஒன்றில் இந்த விழா வண்ண ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கிறது.

பிற நாடுகளில்

ஏமன் நாட்டு யூதரிடம் புத்தகம் அரிது. ஒரே புத்தகத்தைச் சுற்றி நாலாபுறமும் பிள்ளைகள் உட்கார்ந்து படித்ததால், தலைகீழாகவும் பக்கவாட்டிலும் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். கிழக்கு ஐரோப்பாவில் ‘ஹேதர்’ என்ற பெயரில் ஆசிரியரின் ஒற்றை அறையிலேயே பள்ளி நடந்தது. மூன்று வயது முதல் அங்கே அனுப்பினார்கள்.

இவ்வளவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே கிடைத்தது என்பதை மறைக்க முடியாது. அந்தக் குறையை நீக்கப் போலந்தின் கிராக்கோவில் 1917இல் சாரா ஷெனிரெர் என்ற தையற்காரப் பெண்மணி எழும்பினார். அவர் தொடங்கிய பேத் யாக்கோவ் பள்ளிகள் இன்று பல நாடுகளில் உள்ளன. அதற்கு முன்பே, 1838இல், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரெபேக்கா கிராட்ஸ் அம்மையார் யூதச் சிறுவர் சிறுமியருக்கென்று ஞாயிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன்மாதிரி கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளிதான். யூதரிடமிருந்து வேதத்தைப் பெற்ற நாம் அவர்களுக்குத் திருப்பித் தந்த சிறு கடன் அது.

நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் விட்டுவிட மனமில்லை. கொங்கணக் கரையில் செக்காட்டி எண்ணெய் எடுத்து வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் பல நூற்றாண்டுகள் பிற யூதரின் தொடர்பற்று இருந்தார்கள். எபிரெயம் மறந்தது, புத்தகங்கள் இல்லை. ஆனால் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் அவர்கள் விடவில்லை. ஷேமா வசனமும் அவர்கள் வாயில் தங்கியிருந்தது. மழலைக்கு முதலில் கொடுத்த வசனம் எல்லாவற்றுக்கும் பின்னும் மிஞ்சியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து யூத ஆசிரியர்கள் சென்று அவர்களுக்கு எபிரெயமும் வழிபாட்டு முறைகளும் கற்பித்தார்கள். 1875இல் பம்பாயில் அவர்களுக்கென்று தனிப் பள்ளியே எழுந்தது. கொச்சியிலோ, பெண்கள் வேதக் கதைகளை மலையாளப் பாட்டுகளாகக் கையேடுகளில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகள் கற்கும்படி பாதுகாத்தார்கள்.

இந்த வரலாற்றை முன்வைத்துச் சபையாருக்கு ஒரு விண்ணப்பம். நம் சிறு பிள்ளைகள் வகுப்பில் ஓர் ஆசிரியரிடம் 25 பேருக்கு மேல் அமர்த்த வேண்டாம். அதையும் மீறி 40 பேர் சேர்ந்துவிட்டால் வாலிபர் சங்கத்திலிருந்து ஓர் உதவியாளரைக் கொடுங்கள். கூட்டி வரப் பெற்றோர் இல்லாத பிள்ளைகளை, நம் தெருக்களிலும் விடுதிகளிலும் இருப்பவர்களை, மூப்பர்கள் பெயர் பெயராகக் குறித்துக்கொண்டு ஞாயிறு காலையில் நேரில் போய் அழைத்து வரவேண்டும். அவர்களுக்குக் காலை உணவும் வேதப் புத்தகமும் கொடுக்க நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்கும்படி சபைக் குழுவைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.