கரு வளர்ச்சி: முதல் மூன்று மாதம்

பெண் கருத்தரித்தது முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான வளர்ச்சி இது. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரக் கணக்கு போடுவதால், ஸ்கேன் சீட்டில் ‘6 வாரம்’ என்றிருந்தால் கருவின் வயது ஏறக்குறைய நான்கு வாரம்தான்.

கருவை மாதவாரியாகச் சொல்லும் வழக்கம் தமிழில் பழையது. திருமந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்று தனிப் பகுதியே இருக்கிறது. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கரு ஒவ்வொரு மாதமும் எந்த ஆபத்திலிருந்து தப்புகிறது என்று வரிசைப்படுத்துகிறார். முதல் மாதத்து ஆபத்து இரண்டாகப் பிளந்துபோவது. வளர்ச்சியை அபாயங்களின் பட்டியலாகப் பார்த்ததில் நியாயம் உண்டு. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில்தான் நடக்கின்றன.

ஐரோப்பாவில் லேவன்ஹூக் 1677இல் விந்தணுவைக் கண்டார். பாலூட்டியின் கருமுட்டையைக் காண 1827இல் வான் பேயர் வர வேண்டியிருந்தது. சென்னையில் 1844இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனை 1882இல் எழும்பூருக்கு மாறியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1938இல் வெளியிட்ட மகப்பேறு மருத்துவ நூல் இன்றும் பாடநூல். ஆனால் அந்தத் தலைமுறை மருத்துவருக்கும் முதல் மாதங்களில் கிடைத்த தடயங்கள் பெரும்பாலும் நாள் தள்ளிப்போனது, மசக்கை, கைப் பரிசோதனை ஆகியவையே. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழு 1958இல் அல்ட்ராசவுண்டு படங்களை வெளியிட்ட பிறகே உள்ளே இருப்பது கண்ணில் பட்டது. அதே ஊரின் ஹியூ ராபின்சன், தலையுச்சி முதல் பிட்டம் வரை அளந்து கருவின் வயதைச் சொல்லும் முறையை 1973இல் தந்தார். இன்று சென்னையை அடுத்த ஆவடியில் எடுக்கும் ஸ்கேனிலும் பிரசவத் தேதி குறிக்க உதவுவது அந்த அளவுதான்.

கருமுட்டையும் விந்தணுவும் சேர்வது கருக்குழாயில். கருவின் வளர்ச்சியைச் சொல்லும் நாள், வாரக் கணக்கு இங்கே அந்தச் சேர்க்கையிலிருந்துதான். ஆறேழு நாளில் கரு கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. மூன்றாம் வாரத்தில் மூன்று அடுக்குகள் உருவாகின்றன. தோலும் மூளையும், தசையும் எலும்பும், குடலும் நுரையீரல் உட்படலமும் இவற்றிலிருந்தே வருகின்றன. ஏறத்தாழ 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. “ஹார்ட் பீட் இன்னும் வரல, பத்து நாள் கழிச்சு வாங்கம்மா” என்று ஸ்கேன் சென்டரில் சொன்னால் உடனே கலங்க வேண்டியதில்லை. கருமுட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் கணக்கு அத்தனை நாள் பிந்தும். எட்டு வாரம் நிறையும்போது கரு சுமார் 3 செ.மீ.; விரல்கள் பிரிந்து, எல்லா முக்கிய உறுப்புகளுக்கும் அடித்தளம் போட்டாகிவிடும்.

மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக் குழாய் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். மூடாமல் போனால் குழந்தைக்கு முதுகுத்தண்டுப் பிளவு வரலாம். முன்பு இப்படிப் பாதிக்கப்பட்ட கருவைச் சுமந்த பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததை 1991இல் பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பன்னாட்டு ஆய்வு காட்டியது.

கருத்தரித்தது தெரிந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் முதலில் செய்ய வேண்டியது, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செவிலியரிடமோ பதிந்து ‘பிக்மி நம்பர்’ என்ற அரசின் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்குவது. 1987இல் 300 ரூபாயோடு தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2018இல் 18,000 ரூபாயானது. 12 வாரத்துக்குள் பதிவது அதன் முதல் தவணைக்கு நிபந்தனையாக வைக்கப்பட்டது. சீக்கிரம் பதிய வைப்பதில் இது நல்ல ஏற்பாடு. என்றாலும் மருத்துவர் கணக்கில் 12ஆம் வாரத்தில் பதியும் பெண்ணுக்கு நரம்புக் குழாய் மூடி ஆறு வாரம் கடந்திருக்கும். அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கச் சொல்கிறார்கள்.