தாயகம் வரும் அமெரிக்கர்களுக்கான தற்காலிக மருத்துவக் காப்பீடு

வெளிநாட்டில் நிலையாக வாழும் ஐக்கிய அமெரிக்கக் குடிமக்கள் விடுமுறைக்காகவோ குடும்பக் காரணங்களுக்காகவோ தாயகம் வரும்போது, அங்கு தங்கியிருக்கும் காலத்துக்கு மட்டும் பெறும் காப்பீடே தாயகம் வருவோருக்கான தற்காலிக மருத்துவக் காப்பீடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் குடியுரிமை மட்டுமே ஒருவருக்கு மருத்துவக் காப்பீட்டைப் பெற்றுத் தருவதில்லை. வேலை, வயது, வருமானம், வசிப்பிடம் ஆகியவற்றைப் பொறுத்தே காப்பீடு அமைகிறது. எனவே அந்நாட்டுக் கடவுச்சீட்டுடன் சில வாரங்களுக்கு வரும் ஒருவர், மருத்துவச் செலவைப் பொறுத்தவரை, வெளிநாட்டுப் பயணியின் நிலையிலேயே இருக்கிறார். பயணிகளுக்கான காப்பீடுகள் பல, காப்பீடு பெறுபவரின் சொந்த நாட்டை விலக்கிவிடுவதால் சில வேளைகளில் அவரது நிலை அதனினும் கடினமாகிறது.

தேவைக்கான காரணங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் அனைவருக்குமான பொது மருத்துவக் காப்பீடு இல்லை. உழைக்கும் வயதினர் பெரும்பாலும் வேலை வழங்குநர் மூலம் காப்பீடு பெறுகின்றனர். வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இவ்வழி இல்லை.

குறைந்த வருமானம் உடையோருக்கான மெடிக்கெய்டு திட்டம் மாநிலங்களால் நடத்தப்படுகிறது. அதனைப் பெற அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பீட்டுச் சந்தைகளில் சேர்வதற்கும் நாட்டில் வசிப்பது கட்டாயம். நிரந்தரமாகத் திரும்பி வருபவர் 60 நாட்களுக்குள் அதில் சேரலாம். விடுமுறைக்கு வந்து தங்குவது இடம்பெயர்தலாகக் கொள்ளப்படுவதில்லை.

வசிக்கும் நாட்டின் காப்பீடும் பல வேளைகளில் உதவுவதில்லை. செருமனியின் சட்டமுறைக் காப்பீடு பொதுவாக ஐக்கிய அமெரிக்காவில் பெறும் மருத்துவத்துக்குப் பணம் தருவதில்லை. சப்பானின் தேசிய காப்பீடு வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செலவைத் திருப்பித் தரும். ஆயினும் சப்பானியக் கட்டண அளவையே அடிப்படையாகக் கொள்ளும். கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாகாணத் திட்டம், நாட்டுக்கு வெளியே அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்தால் நாளொன்றுக்கு 75 கனேடிய டாலர் வரையே மருத்துவமனைச் செலவுக்குத் தருகிறது. தமிழ்நாட்டுக்குத் திரும்பி வாழும் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இந்தியாவில் விற்கப்படும் வழமையான மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கே பொருந்தும்.

மெடிகேரும் வெளிநாடு வாழ் முதியோரும்

1965 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட மெடிகேர் திட்டம், பெரும்பாலும் 65 வயது நிறைந்தோருக்கு உரியது. ஏறத்தாழ 10 ஆண்டுகள் வேலை செய்து வரி செலுத்தியவருக்கு மருத்துவமனைச் செலவுக்கான முதற்பகுதி, மாதக் கட்டணமின்றிக் கிடைக்கும். அவர் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் தாயகம் வரும்போது இதனைப் பயன்படுத்தலாம். எனினும் 2025 இல், மருத்துவமனையில் சேரும்போது முதல் 1,676 டாலரை நோயாளியே செலுத்த வேண்டியிருந்தது.

மருத்துவர் கட்டணம், புறநோயாளர் சிகிச்சை ஆகியவற்றுக்கான இரண்டாம் பகுதிக்கு மாதக் கட்டணம் உண்டு. 2025 இல் இதன் வழமையான கட்டணம் 185 டாலர் ஆகும். மெடிகேர் பொதுவாக வெளிநாட்டில் செல்லாது என்பதால் பலர் இரண்டாம் பகுதியில் சேராமல் விடுகின்றனர். அத்தகையோர் தாயகத்தில் நோயுற்றால் மருத்துவமனைப் படுக்கைக்குக் காப்பீடு இருக்கும். மருத்துவரின் கட்டணத்துக்கு இராது. பிற்பாடு சேர விரும்பினால், பொதுவாகத் தாமதமான ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் மாதக் கட்டணம் 10 விழுக்காடு கூடுகிறது.

காப்பீட்டு வகைகள்

பயண மருத்துவக் காப்பீடு: சில நாட்கள் முதல் ஓராண்டு வரை பெறக்கூடியது. இதில் "தாய்நாடு" என்னும் சொல்லின் வரையறை மிக முக்கியமானது. சில நிறுவனங்கள் நிலையாக வசிக்கும் நாட்டையும், வேறு சில கடவுச்சீட்டு வழங்கிய நாட்டையும் தாய்நாடாகக் கொள்கின்றன. இரண்டாம் வகையில், அமெரிக்கக் குடிமகன் கட்டணம் செலுத்தியிருந்தும் ஐக்கிய அமெரிக்காவில் இழப்பீடு பெற இயலாது போகலாம்.

வெளிநாடு வாழ்வோருக்கான பன்னாட்டுக் காப்பீடு: ஆண்டு முழுமைக்கும் உரியது. இவை பொதுவாக ஐக்கிய அமெரிக்காவை உள்ளடக்கியவை, விலக்கியவை என இரு வகையாக விற்கப்படுகின்றன. உள்ளடக்கியவற்றின் கட்டணம் மிகவும் கூடுதலானது. விலக்கியவற்றிலும் சில, குறுகிய வருகையின்போது ஏற்படும் அவசர நிலைக்கு மட்டும் பணம் தருகின்றன.

குறுகியகால உள்நாட்டுக் காப்பீடு: உள்நாட்டில் வசிப்போர் இரு காப்பீடுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பயன்படுத்துவதற்காக ஏற்பட்டது. 2018 ஆம் ஆண்டு விதி இதனை 364 நாட்கள் வரை அனுமதித்தது. 2024 செப்டம்பர் 1 முதல் விற்கப்படுவனவற்றுக்கு, நீட்டிப்பு உட்பட 4 மாதங்கள் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. இவ்வரம்பை நடைமுறைப்படுத்த முன்னுரிமை தரப்போவதில்லை என 2025 ஆகத்து மாதத்தில் நடுவண் அரசு அறிவித்தது. கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் இவ்வகைக் காப்பீட்டைத் தடை செய்துள்ளது.

இழப்பீடு கணக்கிடப்படும் முறை

இழப்பீட்டு முறைகள் இரண்டு. நிலைத்தொகைக் காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்னரே குறிக்கப்பட்ட தொகை மட்டும் வழங்கப்படும். நாளொன்றுக்கு 1,500 டாலர் எனக் குறிக்கப்பட்டிருந்து, மருத்துவமனை 6,000 டாலர் கேட்டால், மீதி 4,500 டாலரை நோயாளி செலுத்த வேண்டும்.

விரிவான காப்பீட்டில் முதற்பங்கை நோயாளி செலுத்தியபின், எஞ்சிய செலவை ஓர் உச்சவரம்பு வரை நிறுவனம் ஏற்கும். எடுத்துக்காட்டாக, முதல் 500 டாலரும், அடுத்த 5,000 டாலரில் 20 விழுக்காடும் நோயாளியின் பங்கு எனக் கொள்வோம். 20,000 டாலர் செலவானால் அவர் செலுத்துவது 1,500 டாலர் ஆகும். செலவு 1,20,000 டாலராகவும் உச்சவரம்பு 50,000 டாலராகவும் இருப்பின், அவர் செலுத்த வேண்டியது 70,000 டாலர் ஆகிவிடும். ஆகவே கட்டணம் குறைந்த காப்பீட்டைத் தேர்பவர் உச்சவரம்பையும் நோக்குதல் வேண்டும்.

விலக்குகள்

முன்னரே உள்ள நோய்களைக் காரணம் காட்டிக் காப்பீடு மறுப்பதை 2010 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இத்தடை தற்காலிகக் காப்பீடுகளுக்குப் பொருந்தாது. நீரிழிவு, இதயநோய் முதலியவற்றுக்கான வழமையான சிகிச்சை இவற்றில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சில காப்பீடுகள், முன்னரே உள்ள நோய் எதிர்பாராது திடீரெனக் கடுமையாகும் நிலைக்கு மட்டும் வயதுக்கேற்ற வரம்புடன் பணம் தருகின்றன. மகப்பேறு, பல் மருத்துவம், உடற்பரிசோதனை ஆகியனவும் பொதுவாக விலக்கப்படுகின்றன. சிகிச்சை பெறும் நோக்குடனேயே மேற்கொள்ளும் பயணத்துக்கு இழப்பீடு இல்லை.

காப்பீடு இல்லாத நிலை

1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மெடிகேரில் பங்குபெறும் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள், பணம் செலுத்தும் வல்லமையைப் பாராமல் நோயாளியைப் பரிசோதித்து, அவசர நிலை இருப்பின் உடல்நிலையைச் சீராக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை இச்சட்டம் தள்ளுபடி செய்வதில்லை. 2022 முதல், காப்பீடு இல்லாதவர் முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சைக்குக் கட்டண மதிப்பீட்டை எழுத்தில் பெறும் உரிமை உடையவர். இறுதிக் கட்டணம் அம்மதிப்பீட்டினும் 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் அவர் முறையீடு செய்யலாம்.

இவற்றையும் பார்க்கவும்

மருத்துவக் காப்பீடு
மெடிகேர்
மெடிக்கெய்டு
பயணக் காப்பீடு